சித்திரைத் திருவிழாக் கூட்டமும் உடல்நலமும்: அவசர சிகிச்சை மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அம்மாவை அழைத்துச் செல்கிறேன். சர்க்கரை நோயாளி. காலை மாத்திரை போடலாமா?

பதில்: சாப்பிட்டுவிட்டுப் போடட்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வைகைக் கரையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். விரதம் என்றால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரைக் கேளுங்கள். மடியில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

கேள்வி: நெரிசலில் கீழே விழுந்தவர்கள்தானே இறக்கிறார்கள்?

பதில்: நின்றபடியேயும் உயிர் போகும். நாலாபுறமும் ஆள் நெருக்கினால் நெஞ்சு விரியாது, மூச்சு உள்ளே போகாது. 2022இல் சோல் நகரின் இட்டேவோன் பகுதியில், ஒரு சரிவான சந்தில் ஏற்பட்ட நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நின்றாலே ஆபத்து. தோளில் எல்லாப் பக்கமும் ஆள் இடிக்கத் தொடங்கியதும் வெளியேறிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். எதிர்த்துத் தள்ள வேண்டாம். தள்ளுமுள்ளு தணியும்போது சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு போனால் போகட்டும், குனியாதீர்கள்.

கேள்வி: மயங்கியவருக்குச் சோடா கொடுக்கலாமா?

பதில்: நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நடு நெஞ்சை அழுத்துங்கள்.

கேள்வி: இளநீர்?

பதில்: எதையும் என்றேன்.

கேள்வி: வெயிலில் விழுந்தவர் மேல் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்கிறார் பாட்டி.

பதில்: வராது. உடல் கொதித்து, பேச்சு உளறினால் அது வெப்பத் தாக்கு. 108ஐ அழையுங்கள்; அது வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கி, நனைத்து, விசிறுங்கள்.

கேள்வி: பாட்டி சொல்வது சரிதான், டாக்டர். குளிர்ந்த நீர் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடாதா?

பதில்: பாட்டிக்கு நல்ல வக்கீல் கிடைத்திருக்கிறார். குழாய்கள் சுருங்குவது உண்மை. ஆனாலும் நீர் இழுத்துக்கொண்டு போகும் வெப்பம் மிக அதிகம். உள்சூடு இறங்கவே செய்யும். நெடுந்தூர ஓட்டங்களில் இப்படி விழுபவரைப் பனிநீர்த் தொட்டியிலேயே கிடத்துகிறார்கள். மக்காவில் ஹஜ் பயணிகளுக்கு நீரைத் தெளித்துக் காற்றை வீசும் படுக்கைகள் உண்டு. அப்படியும் 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, ஒதுங்க நிழலின்றி நெடுந்தூரம் நடந்தவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் மெரினா விமான சாகசத்தைப் பார்க்கப் போன ஐவர் இறந்தார்கள். கொல்வது வெயில், வாளித் தண்ணீர் அல்ல.

கேள்வி: ஜன்னி வந்தால் யார் பொறுப்பு?

பதில்: நான்.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுத்தால் நிற்கிறதே!

பதில்: பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானே நிற்கும், சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

கேள்வி: மயங்கியவருக்கு மோர்?

பதில்: சோடா, இளநீர் கேள்விகளைப் படியுங்கள்.

கேள்வி: முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது?

பதில்: எலும்பு மருத்துவரைக் கேளுங்கள்.