கழுத்துக் கருப்புக்கு எந்தக் கிரீம்?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாகக் கழுத்தைச் சுற்றிக் கருத்துக்கொண்டே வருகிறது, அங்கங்கே சின்னப் பாலுண்ணிகளும் இருக்கின்றன. கடலை மாவு, எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் என்று எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். "சரியாகக் குளிக்க மாட்டாயா" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இரண்டு மாதமாக முடியும் வேரோடு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தோழி சொல்லிப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்துக்கடையில் கொடுத்த, நிறம் தரும் கிரீமை முகத்திலும் கழுத்திலும் போடுகிறேன். மாதவிலக்கு 45, 50 நாளுக்கு ஒரு முறைதான். நான்கு மாதத்துக்கு முன்னால் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. 11 வயது மகனுக்கும் இப்போது கழுத்து கருக்கிறது. எங்களுக்கு எந்தக் கிரீம் நல்லது? மாமனாருக்கும் முழங்கையில் ஒரு வருடமாக வெளிர் தேமல் இருக்கிறது. அரிப்பு இல்லாததால் அவர் கண்டுகொள்வதில்லை.

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தத் தேமலிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டியவர் மாமனார்தான். அரிப்பு இல்லை என்பது நல்ல செய்தி என்று அவர் நினைக்கிறார். ஒரு வருடமாக ஒரே இடத்தில் இருக்கும் வெளிர் தேமலில் அரிப்பும் இல்லை என்றால், அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சைத் திரித்து அதன் நுனியால் தேமலையும், பக்கத்தில் இருக்கும் நல்ல தோலையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். தேமலைத் தொடும்போது மட்டும் தெரியவில்லை என்றாலோ, அந்த இடத்தில் வியர்வையும் முடியும் குறைந்திருந்தாலோ தொழுநோயாக இருக்கலாம். உணர்ச்சி சரியாக இருந்தாலும் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. வெளிர் தேமல்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை, ஆனால் அதை வீட்டில் வைத்து முடிவு செய்ய முடியாது.

தொழுநோய் என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் யாரும் கலங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தேமல் ஐந்து வரை என்றால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கியதுமே பிறருக்குப் பரவும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிப்போகும். நாள்பட்டுப் போனால், கிருமியைக் கொன்ற பிறகும் அந்த விரல்கள் பழையபடி நிமிராது.

சரி, இப்போது உங்கள் கழுத்துக்கு வருகிறேன்.

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். இன்றோடு. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது அழுக்கே இல்லை. கண்ணாடியில் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். கருத்த இடம் வெல்வெட் துணி போலக் கொஞ்சம் தடித்து, வரி வரியாக மடிந்திருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும், சிலருக்கு விரல் முட்டிகளிலும் அதே கருப்பு இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து ஓர் ஓரத்தில் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். சிலருக்கு அழுக்கும் இறந்த செல்லும் சேர்ந்து கெட்டிப்பட்ட ஒரு வகைக் கருப்பு வரும். சோப்புக்குப் போகாத அது ஸ்பிரிட்டுக்குப் போய்விடும். உங்களுடையது போகாது என்றே நினைக்கிறேன். வீட்டில் கேட்பவர்கள் முன்னால் அப்படித் துடைத்துக் காட்டுங்கள். மூன்று வருடமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சுக்கு அது போதுமான பதில்.

இதன் பெயர் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது இன்சுலின். உடலின் செல்கள் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்காதபோது, கணையம் அதை இன்னும் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அப்படி இரத்தத்தில் மிதமிஞ்சிப் போகும் இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சியைத் தூண்டும் வாங்கிகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தோல் தேவைக்கு மேல் பெருகித் தடிக்கிறது. தடித்து மடிந்த தோல்தான் நம் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிறது. பாலுண்ணிகளும் பெரும்பாலும் இதே வழியில் வந்தவைதான். நார் போட்டுத் தேய்த்தால் தோல் புண்பட்டு, அந்த உரசலுக்கே இன்னொரு அடுக்குக் கருப்பு சேரும்.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்து, "நார்மல்" என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கணையம் கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும் வருடங்களில் அந்த எண் சரியாகத்தான் இருக்கும். அந்த வருடங்களில் கழுத்து மட்டும் கருத்திருக்கும். அதனால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள். 6.5 தொட்டால் உள்ளே வந்துவிட்டீர்கள். குளுக்கோஸ் குடித்த பின் 140 முதல் 199 வரை வாசல், 200 தொட்டால் நோய். கூடவே கொழுப்பும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவை வீட்டிலேயே டேப் வைத்து அளக்கலாம். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டக்கூடாது.

அம்மாவுக்குச் சர்க்கரை, 50 நாளுக்கு ஒரு மாதவிலக்கு, கருத்த கழுத்து. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், மக்கள் 'நீர்க்கட்டி' என்று சொல்லும் பிசிஓஎஸ் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். தாடையில் முரட்டு முடி, அடங்காத முகப்பரு, உச்சி வகிடு அகலமாவது இவையும் இருந்தால் மகப்பேறு டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிசிஓஎஸ்ஸுக்கும் இன்சுலினுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கும் உதவும்.

இதே கருப்பு வேறு விதமாக வந்தால் நான் வேறு திசையில் தேடுவேன். ஒல்லியான, வயதான ஒருவருக்குச் சில மாதங்களிலேயே வேகமாகப் பரவுகிறது, உள்ளங்கையும் தடிக்கிறது, எடையும் குறைகிறது என்றால் வயிற்றில் புற்றுநோய் இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி வரை போக வேண்டும். உங்கள் கதை அது இல்லை. மூன்று வருடமாக மெல்ல வந்தது, குடும்பத்தில் சர்க்கரையும் இருக்கிறது. பயப்பட வேண்டாம்.

முடி கொட்டுவதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குப் பெரும்பாலும் காரணம் டெங்குதான் என்று நினைக்கிறேன். தலைமுடி ஒவ்வொன்றும் சில வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு உதிரும். பலமான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற அதிர்ச்சி வந்தால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். காய்ச்சல் விட்டு, அதை மறந்தே போன இரண்டாவது மூன்றாவது மாதத்தில் எல்லாம் சேர்ந்து கொட்டும். உங்கள் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

'வேரோடு கொட்டுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நுனியில் வெள்ளையாக ஒரு குமிழ் இருப்பதைப் பார்த்துத்தானே? என்னிடம் வருபவர்களில் பலர் அந்த முடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து காட்டிக் கண்கலங்குவார்கள். அது வேர் இல்லை. ஓய்வை முடித்த முடியின் அடிமுனை அப்படித்தான் இருக்கும். முடியை முளைக்கவைக்கும் வேர்ப்பை தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, புது முடியும் அங்கேயிருந்து வரும். சுமார் ஆறு மாதத்தில் கொட்டுவது தணியும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய அடர்த்தி திரும்ப ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் அது புழுவெட்டு. அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

ஆனாலும் இரும்புச்சத்தையும் தைராய்டையும் ஒரு முறை பார்த்துவிடுவோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதில் உங்களுக்குச் சில கேள்விகள். நகம் கரண்டி மாதிரி குழிந்திருக்கிறதா? வாயோரம் அடிக்கடி புண்ணாகிறதா? பச்சரிசி, சாக்பீஸ், சாம்பல் எதையாவது மெல்ல வேண்டும் என்று தோன்றுகிறதா? இதைச் சொல்லக் கூச்சப்படும் பெண்கள் நிறைய. இரும்புச்சத்து குறைந்தால் வரும் அறிகுறி அது, கெட்ட பழக்கம் இல்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், அதனால் ஃபெரிட்டினும் பாருங்கள். டெங்கு சமயத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் கிடக்கும். நான்கு மாதம் ஆகிவிட்டதால் இப்போது எடுக்கலாம். சாப்பாட்டோடு டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், இரும்பு உடலில் சேர அது தடை.

தைராய்டு குறைந்தால் முடி வறண்டு முரடாகும், புருவத்தின் வெளி ஓரம் மெலியும், மலச்சிக்கல் வரும், குளிர் தாங்காது. டிஎஸ்எச் என்ற இரத்தப் பரிசோதனை பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் பயோட்டின் மாத்திரை இங்கே குறுக்கே வரும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் அது அதிக அளவில் இருக்கிறது. சில வகை ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு முடிவையே புரட்டிப்போடும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும். என்னிடம் வருபவர்களை நான் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வேன். டெங்குக்குப் பின் கொட்டும் முடிக்கு அது தேவையும் இல்லை.

அந்தக் கிரீமைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் இவற்றில் ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, வெயிலில் நின்றாலே எரியும். நிறுத்தினால் அந்தச் சிவப்பும் பருவும் ஒரு வேகத்தோடு திரும்பி வரும் என்பதால், பல மாதமாகப் போட்டிருந்தால் தோல் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். என்ன மருந்து என்றே எழுதாத டப்பா என்றால் இன்றே தூக்கிப் போடுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் நுரைத்துப் போனாலோ கால் வீங்கினாலோ டாக்டரிடம் அந்த டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கிரீமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யூரியா கலந்தவை, டிரெட்டினாயின் அல்லது அடாபலீன் போன்றவை கழுத்தின் தடிப்பைக் குறைக்க உதவும். இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் கடைசி இரண்டும் கூடாது. ஆனால் உள்ளே இன்சுலின் குறையாமல் மேலே பூசுவது மட்டும் நிலைக்காது. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கழுத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். தடிப்பு முதலில் இளகும், நிறம் பின்னால் வரும். இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை டாக்டர் கொடுத்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். அது பி12 வைட்டமினைக் குறைக்கலாம் என்பதால், வருடம் ஒரு முறை அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

நடைப்பயிற்சியெல்லாம் பெரிதாக என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைச் சொல்வேன். சர்க்கரையின் வாசலில் நின்றவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கம்போல விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

மகனுக்குக் கிரீம் எதுவும் போடாதீர்கள், நார் போட்டும் தேய்க்காதீர்கள். 11 வயதில் கழுத்து கருப்பது எச்சரிக்கை. அவனுக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும், குழந்தை மருத்துவர் அவன் உயரம், எடை, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கட்டும். வளரும் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். பாட்டில் ஜூஸையும் பாக்கெட் தின்பண்டத்தையும் வீட்டுக்குள்ளேயே வாங்காமல் இருங்கள், எல்லோருக்கும் சேர்த்து. அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் அவன் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட விடுங்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்கிறார்களா என்று அவனிடம் மெதுவாகக் கேளுங்கள். செய்தால், இது அழுக்கு இல்லை என்பதை நீங்களே வகுப்பாசிரியரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.