அப்பாவின் கதைக்குள் மில் எப்படி வரும்?

கேள்வி: கோவையில் வேலை பார்த்த நூல் மில் மூடியபிறகு வீட்டில் முடங்கிப்போன என் அப்பாவைப் பற்றி 20 நிமிடக் குறும்படம் எழுதுகிறேன். குடும்பப் பக்கம் போனால் வெறும் அழுகையாகிறது, தொழிலாளர் பிரச்சினையைத் தொட்டால் மேடைப்பேச்சாகிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: சேர்க்காதீர்கள். அப்பாவுக்கு வேலை போனதும் தூக்கம் போனதும் ஒரே சம்பவம்தான், எழுதும்போது நாம்தான் பிரித்துவிடுகிறோம்.

பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் 2014-ல் எடுத்த ‘டூ டேஸ், ஒன் நைட்’ படத்தைப் பாருங்கள். மனச்சோர்வு விடுப்பிலிருந்து திரும்பப்போகிற சாந்திராவுக்கு வேலையா, மற்றவர்களுக்கு ஆளுக்கு 1000 யூரோ போனஸா என்று சக தொழிலாளர்களையே நிர்வாகம் ஓட்டுப்போட வைக்கிறது. திங்கட்கிழமை மறு ஓட்டு, அதற்குள் வீடு வீடாகப் போய் அவள் ஆதரவு கேட்கவேண்டும். கதவைத் திறக்கிறவருக்கும் அந்தப் பணம் தேவைதான், அவரையும் வெறுக்க முடியவில்லை. முதலாளியைத் திட்டி ஒரு பிரசங்கம்கூட இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் அவள் மனதும் அந்தத் தொழிற்சாலையின் கணக்கும் சேர்ந்தே தெரிகின்றன.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம்) இன்னும் சிக்கனம். கோபக்கார அப்பாவோடு வெயிலில் நடக்கும் சிறுவன் தாகத்துக்கு வாயில் ஒரு கல்லைப் போட்டுக்கொள்கிறான், வீடு வந்ததும் அதை ஏற்கெனவே இருக்கிற கற்களோடு வைக்கிறான். அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த நடை எத்தனையாவது தடவை என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லையே!

உங்கள் அப்பாவிடமும் அப்படி ஒன்று இருக்கும், அம்மாவிடம் கேளுங்கள். மில் சங்கு நின்றபிறகும் முதல் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்துவிடுகிறாரா, பழைய டிபன் பாக்ஸை என்ன செய்தார்? அப்புறம், மூடிய நாளிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் 20 நிமிடத்தில் அடைக்காமல் ஒரே நாளை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: செட்டில்மென்ட் பணத்துக்காக, தனக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்ட பழைய கூட்டாளியைத் தேடிப் போகிறார் என்று வையுங்கள். அந்த வீட்டுத் திண்ணையில் இருவரும் முதலில் என்ன பேசிக்கொள்வார்கள்? அந்தக் காட்சியை எழுதிவிட்டு மற்றதை யோசியுங்கள்.