300 பேரில் 2 சதவீதம்

தம்பி, சென்னையிலிருந்து அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, மகனை 9ஆம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பக்கத்தில் உள்ள சார்ட்டர் (அரசிடம் தனி உரிமம் வாங்கி நடக்கும்) உயர்நிலைப் பள்ளியில் மொத்தமே 300 பேர், அதில் ஆசியர் 2 சதவீதம்தான், பையன் தனியாகிவிடுவானோ என்று கேட்டிருந்தீர்கள். என் மகள் இதே ஊரில் அப்படி ஒரு சின்னப் பள்ளியில்தான் நான்கு வருடம் படித்தாள்.

முதலில் அந்த 2 சதவீதத்தைத் தலைக்கணக்காக மாற்றிப் பாருங்கள். ஆறு பேர். அதில் இரண்டு குடும்பம் வீடு மாறிப் போனாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் சின்னப் பள்ளியில் இந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள். மாநிலக் கல்வித்துறை வருடாவருடம் வெளியிடும் அறிக்கையில் வகுப்புவாரியாக எத்தனை பேர் என்று இருக்கும். நான் பார்ப்பது அதைத்தான். 9இல் 90 பேர், 12இல் 55 பேர் என்றால் ஒன்று பள்ளி இப்போதுதான் வளர்கிறது, இல்லையென்றால் பிள்ளைகள் நடுவில் போய்விடுகிறார்கள். எது என்று நேரில் கேளுங்கள்.

அப்புறம், ஆசியர் 2 சதவீதம் என்று போட்டிருக்கும் அந்த இனப் பட்டியலில் பாதி விஷயம் தெரியாது. 'ஆசியர்' என்றால் நம்மவர்களும் உண்டு, பிலிப்பைன்ஸ்காரர்களும் உண்டு. 'ஹிஸ்பானிக்' என்ற ஒரே கட்டத்துக்குள் டொமினிகன், போர்ட்டோ ரிக்கோ, எக்வடார் குடும்பங்கள் எல்லாம் அடக்கம். என் மகளின் நெருங்கிய தோழி எகிப்திலிருந்து வந்த காப்டிக் கிறிஸ்தவப் பெண். காகிதத்தில் அவள் 'வெள்ளையர்'. நோன்புக் காலத்தில் அவள் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொட மாட்டாள். நான் கட்டிக் கொடுக்கும் எலுமிச்சை சாதத்தை இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அந்த நாற்பது, ஐம்பது நாளும் நான் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டுத்தான் வடித்தேன்.

சேர்க்கை விஷயம்: சார்ட்டர் பள்ளியும் அரசுப் பணத்தில் நடப்பதுதான், கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்றால் குலுக்கல். அது பெரும்பாலும் செப்டம்பருக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். தவறவிட்டிருந்தாலும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். தலைக்கணக்கில்தான் பள்ளிக்குப் பணம் வருகிறது, காலி இடத்தைச் சும்மா விட மாட்டார்கள். வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, பழைய மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கட்டும். விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம், குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்காமல் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது. வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்கள். ஆங்கிலம் என்று எழுதச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள், தேவைப்பட்டால் மொழி உதவி கிடைக்கும், அவ்வளவுதான்.

சின்னப் பள்ளியில் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். மேல்நிலைக் கணிதம், இயற்பியல் பாடங்கள் குறைவாக இருக்கும். பையனுக்குப் பொறியியல் ஆசை இருந்தால் 12ஆம் வகுப்பு வரை என்னென்ன பாடம் நடக்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியின் உரிமம் அடுத்து எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். முதல் உரிமம் 4 வருடத்துக்கு, அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை அரசு பார்த்துத்தான் நீட்டிக்கும்.

போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். முடிந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.