மேல் கட்டிலும் பைபாஸும்

கேள்வி: ஊர் தேவிபட்டினம் பக்கம். 19 வருடமாக ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர். வயது 51, சர்க்கரை உண்டு. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு, இடது பிரதானக் குழாயிலும் இருக்கிறதாம். ஐப்பசியில் பைபாஸ் என்கிறார்கள். இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்துவிட்டது. இங்கேயே செய்யவா, மதுரை வந்து செய்யவா? தையில் மகளுக்குக் கல்யாணம். பயந்துவிடுவாள் என்று மனைவியிடம் சொல்லவில்லை. துபாயில் குடும்பத்தோடு இருக்கும் மச்சினனிடமும் சொல்லவில்லை, அக்காவிடம் உளறிவிடுவான். ஒரு மாதம் லீவு போட்டு ரூமிலேயே படுத்துத் தேறிவிடுவேன். ஆறு பேர் ரூம். எனக்கு மேல் கட்டில், யாருக்கும் தொந்தரவு இருக்காது.

பதில்: ஷார்ஜாவிலேயே செய்துகொள்ளுங்கள். இடது பிரதானக் குழாயில் அடைப்பை வைத்துக்கொண்டு விமானம் ஏறி, மதுரையில் முதலிலிருந்து தேதி வாங்குகிற நிலையில் நீங்கள் இல்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

நீங்கள் கேட்காதது அந்த மேல் கட்டில். பைபாஸுக்கு நெஞ்செலும்பை நடுவில் நெடுக ரம்பத்தால் அறுத்துப் பிளப்பார்கள். முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம், முழுப் பலம் வர மூன்று மாதம். அதுவரை கையை ஊன்றி எழக் கூடாது, எதையும் பிடித்து உடம்பை இழுக்கக் கூடாது, நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஏணியைப் பிடித்து மேல் கட்டிலுக்கு ஏறுவதென்றால் மொத்த உடம்பையும் நெஞ்சால் இழுப்பது. நீர் பிரிய மாத்திரை வேறு கொடுத்திருப்பார்கள். ராத்திரி நாலு தடவை இறங்கி ஏறுவீர்களா, பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த தையலோடு? கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு வரலாம். இருமும்போது நெஞ்சில் ‘கடக்’ என்று கேட்டால் எலும்பு விலகியிருக்கலாம். சர்க்கரைக்காரருக்கு அதில் சீழும் வைத்தால் மறுபடி ஆபரேஷன்தான்.

கீழ்க் கட்டிலுக்கு மாறிக்கொள்கிறேன் என்பீர்கள். விடிகாலையில் ஐந்து பேரும் டியூட்டிக்குப் போன பிறகு? முதல் வாரத்தில் நாடி தாறுமாறாக ஓடுவது பலருக்கும் வரும். ஒரே நாளில் ஒரு கிலோ எடை கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது. காயத்தில் கசிவோ 100.4-க்கு மேல் காய்ச்சலோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். இதையெல்லாம் பார்க்க ஆள் வேண்டாமா? ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் நடுவில் இருப்பது ஒரு டிராஃபிக் ஜாம். மச்சினன் எதற்கு இருக்கிறான்? டிஸ்சார்ஜ் ஆனதும் அவன் வீட்டுக்குப் போங்கள். அவன் கை கழுவ மாட்டான். உங்களுக்குத்தான் கேட்கக் கௌரவம்.

மனைவி பயந்துவிடுவாளாம்! 19 வருடம் தனியாகப் பிள்ளை வளர்த்து, மகளுக்குக் கல்யாணம் வரை கொண்டுவந்தவள், மூன்று அடைப்புக்கா பயப்படுவாள்? வாயில் குழாயோடு மயங்கிக் கிடக்கிறீர்கள். அவசரமாக ஒரு முடிவு கேட்க வேண்டும் என்றால் டாக்டர் யாரைக் கேட்பார், கீழ்க் கட்டில்காரரையா? இதை மறைப்பதைப் பாசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளுக்கு அவமரியாதை. இன்றைக்கே சொல்லுங்கள். டாக்டர் பேசுகிற நாளில் வீடியோ காலில் அவளும் இருக்கட்டும்.

லீவும் ஒரு மாதம் போதாது. புரொபேஷன் முடிந்தவருக்கு அமீரகச் சட்டப்படி வருடத்துக்கு 90 நாள் மருத்துவ விடுப்பு உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளம் இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்பதை மூன்று வேலை நாளுக்குள் மருத்துவ ரிப்போர்ட்டோடு கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குத் திரும்பினாலும் மூன்று மாதம் முடியும்வரை ஸ்டோரில் பெட்டி தூக்காதீர்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றி: சிக்கல் இல்லையென்றால் ஆபரேஷன் முடிந்த இரண்டு வாரத்தில் விமானத்தில் ஏற்றிக்கொள்வார்கள். நீங்கள் நாலு வாரம் பொறுங்கள். நெஞ்சுக்கூட்டில் காற்று தங்கியிருந்தால் உயரத்தில் அது விரியும். கிளம்பும் முன் எக்ஸ்ரே எடுத்து, பறக்கலாம் என்று டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். வீல்சேரை முன்பே பதியுங்கள். ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ சிடி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரைகளின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். அங்கத்திய பிராண்டு ராமநாதபுரம் மருந்துக்கடையில் இருக்காது; வேறு பெயரில் அதே மருந்தை இரட்டையாக விழுங்கியவர்கள் உண்டு. ஆஸ்பிரினை நீங்களாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

திருச்சியில் இறங்கினால் ஊருக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். பின்சீட்டில் உட்காருங்கள், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே சின்னத் தலையணை, மணிக்கொரு தடவை இறங்கி நடை. வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருப்பார்கள். உப்பு உங்களுக்கு ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்யாணத்தில் தாரை வார்க்கலாம், வாசலில் நின்று வரவேற்கலாம். சேர் இழுப்பது, அண்டா இறக்குவது எல்லாம் மச்சினன் பாடு.