கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக், பிஸ்கட் செய்து இருபது வீட்டுக்குக் கொடுக்க முடியுமா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

முடியும். ஆனால் கேள்வியை வைத்துப் பார்த்தால், ஆஃபரில் ஒரு ஓடிஜி (மேடையில் வைக்கும் சின்ன மின் அடுப்பு, அதாவது அவன்) வாங்கியிருக்கிறீர்கள், பட்டியலில் இருபது பெயர் எழுதிவிட்டீர்கள், சமையல் வீடியோ நாலு சேமித்து வைத்திருக்கிறீர்கள். இந்த மூன்றில் முதலில் கை வைக்க வேண்டியது பட்டியலில்.

கணக்கு இதுதான். 28 லிட்டர் ஓடிஜியில் ஏழு அங்குல நீள டின் இரண்டுதான் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பழக் கேக் வேக ஒரு மணி நேரத்துக்கு மேல். டின்னைக் கழுவி, தாள் போட்டு, மறுபடி ஏற்ற நேரத்தையும் சேர்த்தால் சுற்றுக்கு ஒன்றரை மணி. இருபது கேக்குக்குப் பத்துச் சுற்று, அதாவது பதினைந்து மணி நேரம். ஆகவே நெருங்கியவர்கள் எட்டு வீட்டுக்குக் கேக், மீதிப் பன்னிரண்டு வீட்டுக்கு எட்டெட்டு நான்கட்டாய் (நெய் பிஸ்கட்) என்று பிரியுங்கள். ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும். க்ரீம் கேக், சீஸ் கேக், கப் கேக் மேல் ஐசிங் எல்லாம் சென்னையில் பரிசுக்கு ஆகாது. வாங்கினவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் இருக்குமா என்று உங்களுக்குத் தெரியாது.

"கடையில் வாங்கினால் இதைவிட மலிவு" என்று கீழே கருத்து எழுத வருபவர்களுக்கு: ஆமாம், மலிவுதான். கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

பழத்தை முதலில் பார்ப்போம். கறுப்பு திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் சேர்த்து 300 கிராம், பொடியாக நறுக்கியது. ரம்மில் ஊறவைப்பதென்றால் பழம் முழுக மூழ்கியிருக்க வேண்டும். நம் ஊர் ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதனால் மூடிய கண்ணாடி பாட்டிலில் வெளியிலேயே வாரக்கணக்கில் நிற்கும். ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து அதேபோல் மேடையில் வைத்தால் சென்னை வெக்கையில் இரண்டே நாளில் நுரைத்துப் புளிக்கும். சாறு என்றால் 150 மில்லி ஊற்றி, பழத்தோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஒரு இரவு ஃப்ரிட்ஜில். கடைசி வாரத்தில் விழித்துக்கொண்டவர்களுக்கும் இதுவே வழி.

நிறம் கோகோவில் வருவதில்லை, சர்க்கரைப் பாகில் வருகிறது. அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் உருக்குங்கள். டிகாக்‌ஷன் நிறம் வந்து லேசாகப் புகை எழும்போது அடுப்பை அணைத்து 75 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். புகை வந்த பிறகும் கால் நிமிடம் வேடிக்கை பார்த்தால் கசப்பு ஏறிவிடும், அதை எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. கீழே கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். பாகு முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

இனி வெண்ணெய். உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 130 கிராம். "ரூம் டெம்பரேச்சரில் வெண்ணெய்" என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறை. நம் சமையலறையில் டிசம்பரிலும் 28 டிகிரி இருக்கும், வெண்ணெய் எண்ணெயாக வழியும். எண்ணெயான வெண்ணெயில் காற்று நிற்காது, கேக் கெட்டியாகும், பழமெல்லாம் அடியில் போய் உட்காரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. அடிக்கும்போதே தளர்ந்தால் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து அடியுங்கள்.

வெளுத்து உப்பிய பிறகு நான்கு முட்டை, ஒவ்வொன்றாக. திரிந்தால் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி மைதா சேர்த்தால் கூடிவரும். மைதா 200 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குப் பொடி எல்லாம் சேர்த்து முக்கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு முறை சலித்து, பாகும் மாவும் மாற்றி மாற்றிச் சேருங்கள். பழத்தை வடித்து, அதே மாவில் எடுத்து வைத்த ஒரு மேசைக்கரண்டியில் புரட்டி, 50 கிராம் முந்திரியோடு கடைசியில். இது இரண்டு அரை கிலோ டின்னுக்குச் சரியாக இருக்கும். மொத்த எட்டுக்கும் ஒரே தடவையில் கலந்து வைக்காதீர்கள். காத்திருக்கும் மாவில் பேக்கிங் பவுடரின் வேலை பாதி முடிந்துவிடும். ஒரு சுற்று வேகும்போது அடுத்ததைக் கலக்கலாம்.

150 டிகிரி, கீழ்த்தட்டு, 60 முதல் 70 நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் மேலே கறுத்தால் ஃபாயில் மூடுங்கள். நடுவில் வெடித்துக் கோபுரமாக எழுந்தால் சூடு அதிகம். ஓடிஜியின் திருகு காட்டும் டிகிரியை நம்ப வேண்டாம், உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். இன்னொன்று: 1500 வாட் ஓடிஜியைச் சின்ன ஐந்து ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் போட்டு மாட்டாதீர்கள். ஆறரை ஆம்பியர் இழுக்கும், மணிக்கணக்கில் ஓடினால் பிளக் உருகும். கரண்ட் பில் பற்றிக் கவலையென்றால், சுற்றுக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான்.

நான்கட்டாய்க்கு மைதா 100, கடலை மாவு 30, ரவை 20, பொடித்த சர்க்கரை 75, நெய் 95 கிராம், ஏலக்காய், கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர். இருபது வரும். தட்டில் வழிந்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்று புலம்புபவர்கள் எல்லோரும் உருகிய நெய்யைச் சேர்த்தவர்கள்தான். நெய்யை மணல் மணலாக உறையும்வரை ஃப்ரிட்ஜில் வைத்து அளந்து போடுங்கள், உருட்டிய பிறகும் இருபது நிமிடம் குளிரவிடுங்கள். 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறமானதும் எடுங்கள். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறினால்தான் இறுகும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளினால் கல்லாகிவிடும்.

கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். வெளியே ஈரக்காற்று, உள்ளே சூடான கேக், மூடிய பெட்டி: மூடியில் நீர் கோத்து மூன்றாம் நாள் பூசணம் பூக்கும். கம்பித் தட்டில் ஐந்து மணி நேரம் ஆறட்டும். பிறகு பட்டர் பேப்பர் சுற்றி அட்டைப் பெட்டியில். மெல்லிய பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை. பெட்டி வாங்கச் சென்னைப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். நான்கட்டாய்க்கு மட்டும் அட்டை போதாது, காற்றுப் புகாத டப்பா வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் நமத்துப்போகும். டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும். சாற்றுக் கேக் வெளியே மூன்று நாள், ஃப்ரிட்ஜில் பத்து நாள். ரம் கேக் வெந்த சூட்டில் மேலே இரண்டு மேசைக்கரண்டி ரம் தடவினால் இன்னும் பல நாள்.

கொண்டுபோய்க் கொடுப்பது தனிக் கொடுமை. பைக் பார்சலில் அனுப்பினால் பெட்டியில் எத்தனை அம்பு போட்டாலும் தலைகீழாகத்தான் போகும். அதற்கு மேல் சென்னை வீடுகளின் பழைய எண், புதிய எண் கூத்து. ஒரே தெருவில் பழைய 14-க்குப் பக்கத்தில் புதிய 31, எதிரே இன்னொரு 14. இரண்டையும் கதவில் எழுதி வைத்திருக்கும் வீடுகள் பாதி, எதையுமே எழுதாதவை மீதி, தெருப் பெயர்ப் பலகை மேல் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. எண்ணை மாற்றியவர்கள் பழையதை ஒழித்துவிட்டல்லவா மாற்றியிருக்க வேண்டும்? சரி, அது வேறு கதை. நேரில் கொடுங்கள்.

பெட்டி மேல் செய்த தேதி, முட்டை உண்டா, ரம் உண்டா, முந்திரி உண்டா என்று எழுதுங்கள். கேக்கில் முட்டை பரவாயில்லை என்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். சைவ வீடுகளுக்கு முட்டையில்லாப் பழக் கேக் முயற்சி செய்யலாமா என்றால், முதல் வருடம் வேண்டாம் என்பேன். வெட்டும்போது உதிரும். அவர்களுக்கு நான்கட்டாயே கொடுங்கள், கேக்குக்கு முன்பாகவே அதைச் சுட்டுவிட்டால் டின்னில் முட்டை ஒட்டியிருக்குமோ என்ற கேள்வியும் வராது.