பிள்ளையின் எடை பற்றிக் கவுன்சில் கடிதம் வந்தால்

"ஆகஸ்டில்தான் திருச்சியிலிருந்து லண்டன் வந்தோம். இயர் சிக்ஸ் (ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு) படிக்கும் மகனுக்கு எடை மிக அதிகம் என்று கவுன்சில், அதாவது உள்ளாட்சி, கடிதம் அனுப்பியிருக்கிறது. வளர்கிற பிள்ளைதானே என்கிறார் மாமியார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு நமக்குப் பொருந்துமா? கழுத்து வேறு கருத்துக்கொண்டே போகிறது, பயத்தமாவு தேய்த்தும் போகவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, கடிதத்தைவிட அந்தக் கழுத்துதான் எனக்குக் கவலை. இனிமேல் தேய்க்காதீர்கள். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, மெத்தென்று கருத்தால் அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பணுக்கள் மிகவும் பருத்துவிட்டால் நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து கூடிவிடும். இரண்டும் சேர்ந்து அழற்சியை, அதாவது காயம் பட்டால் உடம்பு காட்டும் அந்த எதிர்ப்பு வேலையை, தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பைச் சிம்மில் வைத்து மறந்துவிட்ட மாதிரி. காய்ச்சல், வலி எதுவும் தெரியாது, பையன் நன்றாகத்தான் இருப்பான். ஆனால் அந்த அழற்சி இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். கல்லீரலில் கொழுப்பு படிவது, ரத்தக் குழாய் கெடுவது எல்லாம் சின்ன வயதிலேயே தொடங்கிவிடலாம். ஆனால் பத்து வயதில் இதைத் திருப்ப நிறைய வழி இருக்கிறது.

கணக்கு நமக்குப் பொருந்துமா என்றால், நம்மைக் குறைத்துத்தான் காட்டுகிறது. ஒரே பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு) இருந்தாலும் தெற்காசியப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. பிறக்கும்போதே அப்படித்தான் என்று புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று நீங்களே டேப் வைத்துப் பாருங்கள்.

கடிதத்துக்குப் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனிலும் இயர் சிக்ஸிலும் பிள்ளைகளை எடை பார்ப்பது வழக்கம். விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இயர் சிக்ஸில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் உடல்பருமனோடுதான் இருக்கிறது.

டயட் என்று பட்டினி போடாதீர்கள். எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் அதைச் சரிக்கட்டிவிடும். இங்கே வந்ததும் நம் வீடுகளில் மாறுவது சோறு இல்லை, மற்றதெல்லாம்தான். பள்ளி விட்டதும் ஜூஸ் பாக்கெட், கிரிஸ்ப்ஸ், ராத்திரி ஹார்லிக்ஸில் இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஏழு முதல் பத்து வயது வரை, சேர்க்கும் சர்க்கரையும் ஜூஸில் இருப்பதும் சேர்த்து ஒரு நாளைக்கு 24 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது என்எச்எஸ், இங்குள்ள அரசு மருத்துவச் சேவை. ஜூஸை நிறுத்துங்கள், குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர். தட்டில் பாதி பொரியலும் கூட்டுமாக இருக்கட்டும், வீட்டில் எல்லோருக்கும் அதே தட்டு. அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைத்தால் அவன் மனசு நொந்துபோகும். அப்புறம் குளிர்காலம். நான்கு மணிக்கே இருட்டுகிறது என்று பிள்ளையை உள்ளேயே அடைக்காதீர்கள். மழைக்கோட்டு போட்டு நடத்தியே பள்ளிக்குக் கூட்டிப்போங்கள். பக்கத்து லெஷர் சென்டரில் (விளையாட்டு, உடற்பயிற்சிக் கூடம்) நீச்சல் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

அழற்சியைப் பார்க்கிறேன் என்று காசு கொடுத்து சிஆர்பி என்ற ரத்தச் சோதனை எடுக்க வேண்டாம். சளி பிடித்தாலே அது ஏறும். ஜிபியிடம், அதாவது நீங்கள் பதிவு செய்திருக்கும் குடும்ப டாக்டரிடம், போங்கள். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போது "எடை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் கழுத்துக் கருமையை முதலில் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, கல்லீரல், கொழுப்பு ஆகிய ரத்தச் சோதனைகள் தேவையா என்று வாய்விட்டே கேளுங்கள்.