வசதி குறைந்த கிராமப்புறப் பாடசாலையில் டிஜிட்டல் கருவிகளைக் கொண்டு கற்பிப்பதால் பிள்ளைகளுக்கு உண்மையான பயன் உண்டா, அல்லது அது வெறும் காட்சிக்குத்தானா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்க்கும்போது, அண்மையில் நியமனம் பெற்று, இணையத் தொடர்பு சரியாகக் கிடைக்காத ஒரு பாடசாலைக்குப் போயிருக்கும் ஆசிரியர் என்றே உங்களை எடுத்துக்கொள்கிறேன். பயன் உண்டு என்பதே என் பதில். எந்த இடத்தில் உண்டு என்பதை என் வகுப்பில் நடந்த ஒன்றைக் கொண்டுதான் என்னால் சொல்ல முடியும்.

நான் இலங்கையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்கு அப்பால் உள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். காலையில் குருமண்வெளியில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகில் ஏறி வாவியைக் கடந்துதான் போக வேண்டும். மாரி காலத்தில் மடிக்கணினியை இரண்டு சொப்பிங் பைகளுக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பேன். எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச் சுவர்தான். நான்கு பக்கமும் வெளிச்சம் வருவதால், இரவல் வாங்கிய புரொஜெக்டர் காட்டிய படம் சுவரில் தெரியவே இல்லை. தறப்பாள் கட்டி மறைத்துப் பார்த்தோம். வெக்கையில் பிள்ளைகள் இருக்க முடியாமல் போனதால் அன்றே அவிழ்த்துவிட்டோம். அதன் பிறகு மடிக்கணினியை ஒரு மேசையில் வைத்து, ஆறு ஆறு பேராக அழைத்துக் காட்டுவதே என் வழக்கமாயிற்று.

பத்தாம் தரத்தில் மின்னோட்டம் கற்பித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே வகையான இரண்டு மின்குமிழ்களைத் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எது கூடுதலாக ஒளிரும் என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் முதலாவது குமிழ் என்றே சொல்வார்கள். மின்னோட்டம் முதலாவது குமிழில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டு, மிச்சத்தோடுதான் இரண்டாவதற்குப் போகிறது என்பது அவர்களின் எண்ணம். வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை; மேல் வயல் குடித்து மிஞ்சியதுதானே கீழ் வயலுக்கு வருகிறது. பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் சுற்றை வரைந்து, தொடர்ச் சுற்றில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் சமன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களும் அதை மனனம் செய்து பரீட்சையில் எழுதினார்கள். ஆனால் நம்பவில்லை என்பது, அடுத்த தவணையில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டவுடன் தெரிந்துவிடும்.

2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கிய ஃபெட் (PhET) என்னும், பரிசோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவும் இலவசச் செயலிகளை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். அவற்றுள் மின்சுற்று அமைக்கும் செயலியைக் களுவாஞ்சிக்குடியில் உள்ள தோழி ஒருத்தியின் வீட்டில் இருந்து தரவிறக்கிக்கொண்டேன். அது ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. பிறகு இணையம் இல்லாமலே உலாவியில் திறந்து வேலை செய்யலாம். அதில் கம்பிகளுக்குள் இலத்திரன்கள் சிறு நீலப் புள்ளிகளாக நகர்வது தெரியும்.

திரையைக் காட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் கைதூக்கிச் சொல்ல வேண்டும் என்றேன். முதலாவது கூடுதலாக ஒளிரும் என்று 22 பேர், சமன் என்று 7 பேர், பதில் சொல்லாதவர்கள் 2 பேர் என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன். பிறகு ஒவ்வொரு குழுவாக வந்து பார்த்தார்கள். ஒரு மாணவன் திரையில் விரலை வைத்து, முதலாவது குமிழுக்குள் போகும் புள்ளிகளை எண்ணி, வெளியே வரும் புள்ளிகளையும் எண்ணினான். "ஒண்டும் குறையல்ல டீச்சர்" என்றான். அவன் குரலில் இருந்தது ஏமாற்றம்.

அடுத்து டோர்ச் குமிழ்களையும் மின்கலங்களையும் கையில் கொடுத்தேன். ஒரு குழுவில் இரண்டாவது குமிழ் மங்கலாகவே எரிந்தது. "டீச்சர், இஞ்ச பாருங்க, இது மங்கலா எரியுது. அப்ப அதுல காட்டினது பொய்யா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் விளக்கம் சொல்லவில்லை. மங்கலான குமிழின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டச் சொல்லி, இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திப் பார் என்றேன். மாற்றினாள். சிவப்பு நூல் கட்டிய குமிழ் இப்போது முதலாவதாக இருந்தும் மங்கலாகவே எரிந்தது. அவள் சிறிது நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பிழை ஓட்டத்துல இல்ல, குமிழ்லதான்" என்றாள். ஒரே பெட்டியில் இருந்து எடுத்த குமிழ்களின் இழைகளுக்குக்கூடத் தடை சிறிது வேறுபடும் என்பதை அதன் பிறகுதான் நான் சொன்னேன். அப்போது அதைக் கேட்க அந்த வகுப்பே காத்திருந்தது.

இதில் நான் கண்டதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். குமிழ்களை மட்டும் கொடுத்திருந்தால், அந்தக் குழு தன் தவறான எண்ணத்தையே உறுதிப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். திரையை மட்டும் காட்டியிருந்தால், முன்பு கரும்பலகையை நம்பியது போலத் திரையையும் பரீட்சை வரைக்கும் நம்பியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திரை காட்டியது. அது கையில் இருந்த பொருளோடு முரண்பட்ட இடத்தில்தான் கேள்வி பிறந்தது. ஆகவே, கரும்பலகையாலும் கையாலும் காட்ட முடியாத பகுதி எதுவென்று பாடக்குறிப்பு எழுதும்போதே குறித்துக்கொண்டு, அதற்கு மட்டும் கருவியை எடுக்கிறேன். நாற்பது நிமிடப் பாடத்தில் அது பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. நான் ஆய்வாளர் அல்லள். ஒரு பாடசாலையில், ஒரு பாடத்தில் கண்டதைத்தான் சொல்கிறேன். கணிதமோ மொழியோ கற்பிப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

காணொளிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் கிடைக்கும் நல்ல விஞ்ஞானக் காணொளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு அமைந்தவை. அங்கே ஒளிச்சேர்க்கை என்பது நமக்கு ஒளித்தொகுப்பு, நுண்ணோக்கி நமக்கு நுணுக்குக்காட்டி, ஆக்சிஜன் ஒட்சிசன். பெரியவர்களுக்கு இது சிறிய விடயம். காணொளி பார்த்த அடுத்த நாள், ஒளிச்சேர்க்கையும் ஒளித்தொகுப்பும் இரண்டு வெவ்வேறு செயற்பாடுகளா என்று ஒரு பிள்ளை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இப்போது காணொளிக்கு முன் நம் பாடநூலின் சொல்லையும் அவர்களின் சொல்லையும் பக்கம் பக்கமாகக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். சில வேளைகளில் காணொளியின் ஒலியை நிறுத்திவிட்டு நானே பேசுகிறேன்; அதுவே மேலும் நன்றாக இருக்கிறது.

இதே கேள்விக்குப் பதில் எழுதிய ஒருவர், கருவிகள் கொடுத்தாலும் ஆசிரியர்கள் பூட்டித்தான் வைக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் ஸ்மார்ட் போர்ட் ஒன்று அதிபர் அறையில் துணி போர்த்தியபடி கிடந்தது உண்மைதான். ஆனால் அதைப் பொருட்பதிவேட்டில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்றவர் யாரோ அவரே உடைவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சத்தையும், பழுது பார்க்க ஆளும் பணமும் இல்லாத நிலையையும் அந்தப் பதிலை எழுதியவர் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தகப்பன் வயலில் இருந்து வந்த பிறகே தொலைபேசி கைக்குக் கிடைக்கும் பிள்ளைகளுக்காக, மூன்று நிமிடக் குரல் பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காணொளியை விட அதற்கு டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும். அதற்கான செலவும் என் சம்பளத்தில் இருந்துதான் போனது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகியபோது நானும் விலகினேன். பிள்ளைகளைக் கைவிட்டவர்கள் என்று அன்று கேட்ட பேச்சு இன்னும் ஆறவில்லை. அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது அந்த முந்தைய ஆண்டின் டேட்டாச் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்டதில்லை.

உங்கள் தொடக்கத்துக்கு வருகிறேன். அடுத்த தவணையில் ஒரே ஒரு பாடத்தைத் தெரிவு செய்யுங்கள். மின்சுற்றே நல்லது, செலவும் குறைவு. கோப்பைத் தரவிறக்கிய பின், இணையத்தைத் துண்டித்துவிட்டு வீட்டில் ஒரு முறை திறந்து பாருங்கள். நான் அதைச் செய்யாமல் போய், முதல் தடவை வெறும் வெள்ளைத் திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மடிக்கணினியின் மின்கலத்தை முந்திய இரவே நிரப்பிக்கொள்ளுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இருந்து, கணினி அணைந்தால் நடத்துவதற்கு அதே பாடத்தின் கையால் வரைந்த தாள் ஒன்றையும் பைக்குள் வைத்திருக்கிறேன். குமிழ்கள் வாங்கும்போது பத்தாக வாங்கி, வீட்டிலேயே இரண்டிரண்டாக எரித்துப் பார்த்து, சமமாக ஒளிராத ஒரு சோடியை வேண்டுமென்றே தனியே எடுத்து வையுங்கள். சிவப்பு நூலும் மறக்க வேண்டாம்.